அந்தப் படம் ஏன் கொழும்பில் வருவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் யார் புது ஸ்மார்ட் டிவி வாங்கினாலும் கடைசியில் என் கதவைத்தான் தட்டுவார்கள். வைஃபையை இணைத்து, சந்தாக் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு வருவேன். மறுநாளே அழைப்பு வரும்: "தம்பி, அந்தப் படத்தைத் தேடினன், இல்லையாம்." ஒரே பதிலை எத்தனை பேருக்குத்தான் படிக்கட்டில் நின்று சொல்வது? அதனால் எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"நெட்ஃப்ளிக்ஸ் எண்டா உலகம் முழுக்க ஒண்டுதானே? சென்னையில இருக்கிற தங்கச்சிக்கு வாற படம் எனக்கு ஏன் வருதில்லை?"

ஆப் ஒன்றுதான். உள்ளே இருக்கும் சரக்கு நாட்டுக்கு நாடு வேறு. நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரி 6 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 130 நாடுகளில் கடை திறந்தது. இலங்கையும் இந்தியாவும் அந்தக் கூட்டத்தில்தான் வந்தன. கடை ஒரே நாளில் திறந்ததே தவிர, தட்டுகளில் ஒரே பொருளை அடுக்கவில்லை.

நம் தொடர்மாடியையே பாருங்கள். கட்டியவர் ஒருவர். ஆனால் இரண்டாம் மாடி ஒருவருக்கு மூன்று வருட வாடகை, கீழே உள்ள கடை இன்னொருவருக்கு, வாகனத் தரிப்பிடம் வேறொருவருக்கு. படமும் அப்படித்தான். தயாரிப்பாளர் படத்தை 'விற்றுவிட்டார்' என்று செய்தி வரும். பெரும்பாலும் அவர் அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்பார். தமிழ்நாட்டுத் திரையரங்குகள் ஒருவருக்கு, கேரளா ஒருவருக்கு, வெளிநாடு ஒருவருக்கு, தொலைக்காட்சி ஒரு சானலுக்கு, டிஜிட்டல் ஒரு தளத்துக்கு, பாட்டு ஒரு இசை நிறுவனத்துக்கு, ஹிந்தி டப்பிங் இன்னொருவருக்கு. தங்கச்சி பார்க்கும் தளம் இந்தியா என்ற அறையை மட்டும் எடுத்திருந்தால் உங்கள் பக்கத்துக் கதவு பூட்டித்தான் இருக்கும்.

"இதை யார் தடுக்கிறது? எங்கட அரசாங்கமா?"

இல்லை. அரசாங்கம் தடுத்த சந்தர்ப்பங்கள் வேறு. 2018 மார்ச்சில், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது மேலிருந்து வந்த கட்டளை. படம் கிடைக்காமல் இருப்பது இரண்டு கம்பெனிகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால்.

அதற்கு அடியில் சட்டமும் இருக்கிறது. 'உலகப் பதிப்புரிமை' என்று ஒன்று கிடையாது. 1886 இல் தொடங்கிய பேர்ன் உடன்படிக்கையின்படி ஒரு நாட்டுப் படைப்பை மற்ற நாடுகளும் மதித்துப் பாதுகாக்கின்றன, ஆனால் ஒவ்வொரு நாடும் தன் தன் சட்டப்படி. இங்கே அது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். உரிமை நாடு நாடாக நிற்பதால்தான் அதை நாடு நாடாகக் கூறு போட முடிகிறது. இது ஓடிடி, அதாவது நெட்ஃப்ளிக்ஸ் போன்ற இணையத் தளங்கள், கொண்டுவந்த நோயும் அல்ல. டிவிடி காலத்திலேயே உலகத்தை வலயங்களாகப் பிரித்திருந்தார்கள். நாமும் இந்தியாவும் 5 ஆம் வலயம். எங்கள் வீட்டு பிளேயர் எந்த வலயத் தட்டைப் போட்டாலும் ஓடியது, அதனால் அப்போது எனக்கு இது உறைக்கவில்லை.

"நான் கொழும்பில இருக்கிறன் எண்டு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலில் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் விலாச இலக்கம். உங்கள் இணைப்பு டயலொக்கோ எஸ்எல்டியோ ஹட்ச்சோ, அந்த முகவரி இலங்கைக்கு ஒதுக்கப்பட்டது என்று பொதுப் பதிவேடுகளிலேயே இருக்கிறது. அடுத்தது ஃபோனின் ஆப் ஸ்டோர் எந்த நாட்டுக்குப் பதிவாகியிருக்கிறது என்பது. கூகுள் பிளேயில் நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம். அப்புறம் பணம் கட்டும் கார்ட் எந்த நாட்டு வங்கியுடையது என்பது. இந்தியத் தளங்கள் சில +91 இலக்கத்துக்கு ஓடிபி அனுப்பாமல் உள்ளே விடுவதே இல்லை. ஆக, பூட்டு ஒன்றில்லை, மூன்று நான்கு.

"அமேசன் பிரைம் விளம்பரத்தில 240 நாடுகள் எண்டு போடுறாங்கள். உலகத்தில அவ்வளவு நாடு இருக்கா?"

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஐ.நா.வில் 193 உறுப்பு நாடுகள்தான். விளம்பரத்தில் 'நாடுகளும் ஆட்புலங்களும்' என்று போட்டிருப்பார்கள். கிறீன்லாந்து, குவாம் போன்ற தனி நாடல்லாத இடங்களும் அந்தக் கணக்கில் சேரும்.

"தியேட்டருக்கு வந்து நாலு கிழமையில ஓடிடியில வரும் எண்டாங்கள். சவோயில பார்த்து மூண்டு மாசமாச்சு, இன்னும் காணேல்லை."

நான்கு கிழமைக் கணக்கு இந்தியத் திரையரங்குக்காரர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இடையிலான ஏற்பாடு. தென்னிந்தியப் படங்களுக்குப் பெரும்பாலும் நான்கு கிழமை. ஹிந்திப் படங்களுக்கு இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் எட்டுக் கிழமை கேட்கின்றன. 2020 மே மாதம் தமிழில் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்கே போகாமல் நேராகப் பிரைமில் வந்தபோது எழுந்த சண்டையை நினைத்தால், இந்த இடைவெளி அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று விளங்கும்.

ஆனால் அந்தக் கணக்கு முடிந்ததும் படம் எங்கே வரும் என்பதை வெளிநாட்டு டிஜிட்டல் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். இந்தியாவில் ஒரு தளம், வெளியே இன்னொரு தளம் என்று பிரிந்துபோவது சாதாரணம். இந்தியாவில் வந்து, வெளியே யாருமே எடுக்காமல் விடுவதும் உண்டு. உங்கள் படத்துக்கு அதுதான் நடந்திருக்கலாம்.

தலைகீழாகவும் நடக்கும். சிம்ப்ளி சவுத் என்ற தளத்தின் விளம்பரங்களில் 'இந்தியா நீங்கலாக உலகமெங்கும்' என்றே போடுவார்கள். அதாவது வெள்ளவத்தையில் வரும், வடபழனியில் வராது. இதை ஒருமுறை சென்னை நண்பனிடம் சொன்னபோது அவன் பட்ட எரிச்சலைக் கேட்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு படத்தைத் தேடும்போது இந்தியச் செய்தியில் சொன்ன தளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். படத்தின் பெயரோடு 'வெளிநாட்டு டிஜிட்டல் உரிமை' என்றும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

"படம் இருக்கு, ஆனா ஹிந்தியில மட்டும்தான் பேசுறாங்க. தமிழ் எங்க?"

மொழியும் தனி அறைதான். 2022 இல் 'ஆர்ஆர்ஆர்' ஓடிடிக்கு வந்தபோது ஹிந்திப் பதிப்பு நெட்ஃப்ளிக்ஸுக்கும், தெலுங்கு, தமிழ், மலையாளம், கன்னடப் பதிப்புகள் ஜீ5க்கும் போயின. ஒரே படம், ஒரே காட்சிகள், குரல் மட்டும் இரண்டு வீட்டில்.

சில வேளைகளில் இதைவிடச் சின்னக் காரணம் இருக்கும். நெட்ஃப்ளிக்ஸ் இருக்கிற எல்லா மொழிகளையும் பட்டியலில் காட்டுவதில்லை. இடத்தையும் உங்கள் அமைப்பையும் பார்த்து ஐந்து முதல் ஏழு மொழிகளை முன்னால் வைக்கும். புரொஃபைல் அமைப்பில் பார்க்கும் மொழிகளில் தமிழையும் சேர்த்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் தமிழ் இல்லையென்று நினைத்து மூன்று மாதம் சிங்கள எழுத்துரை (சப்டைட்டில்) தேடி அலைந்தார்கள். தமிழ்க் குரல் உள்ளேயே இருந்தது.

"ஸ்பொட்டிஃபைல என் பழைய பாட்டு லிஸ்ட்ல பாதி சாம்பல் நிறமா கிடக்கு. யூடியூப்லயும் 'உங்கள் நாட்டில் கிடைக்காது'ன்னு வருது."

பாட்டுக்கு உரிமைக்காரர்கள் படத்தைவிட அதிகம். பதிவு செய்த ஒலி ஒருவருடையது, மெட்டும் வரிகளும் இன்னொருவருடையது. இதில் ஒருவர் கையை எடுத்தாலும் பாட்டு சாம்பலாகிவிடும். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில்தான். அதற்கு முன்னமே இந்தியாவில் அது பட்ட பாட்டைப் பார்த்தால் விளங்கும்: 2019 இல் அங்கே தொடங்கிய கொஞ்ச நாளில், பழைய எச்எம்வி இசைத்தட்டுகளின் உரிமையாளரான சரிகமவின் பாட்டுகள் நீக்கப்பட்டன. 2020 ஜூனில்தான் உடன்பாடு ஏற்பட்டுத் திரும்பின. 2024 இல் ஜீ மியூசிக் பாட்டுகளுக்கும் இதே கதி.

யூடியூபில் எந்தெந்த நாட்டில் காட்டலாம் என்று உரிமைக்காரரே தெரிவு செய்யலாம். யூடியூபைத் திட்டி வேலையில்லை.

"கிரிக்கெட் ஏன் இவ்வளவு கரைச்சல்? பக்கத்து நாட்டு மேட்ச்தானே."

நேரடி விளையாட்டில்தான் எல்லைக்கோடு மிகக் கடுமையாக இருக்கும். படத்தை அடுத்த மாதமும் பார்க்கலாம். மேட்ச் முடிந்தால் அதன் விலை பூச்சியம். அதனால் காசு கொடுத்தவர் தன் நாட்டுக்குள் வேறு யாரும் காட்டக் கூடாது என்று பிடிவாதமாக நிற்பார்.

2023 முதல் 2027 வரையான ஐபிஎல் உரிமை 2022 ஜூனில் ஏலம் போனது. மொத்தம் 48,390 கோடி இந்திய ரூபாய். இந்தியத் துணைக்கண்டத் தொலைக்காட்சி மட்டும் 23,575 கோடி, துணைக்கண்ட டிஜிட்டல் ஏறக்குறைய 23,758 கோடி. துணைக்கண்டத்துக்கு வெளியே உள்ள நாடுகள் முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய 1,058 கோடி. மொத்தத்தில் 2 வீதத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த 2 வீதத்துக்குள் லண்டன், டுபாய், சிட்னி எல்லாம் இருக்கின்றன. இந்தப் பெரிய கணக்கில் எங்கோ ஓரத்தில் நாம்.

என்னிடம் எப்போது கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். 'எங்களை ஒதுக்கிறாங்கள்' என்று பலர் கோபப்படுகிறார்கள். ஒதுக்குவதற்கு முதலில் நம்மை நினைத்திருக்க வேண்டுமே. 2024 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டின் மொத்தச் சனத்தொகை ஏறக்குறைய 2.18 கோடி, அதில் தமிழ் பேசுபவர்கள் கால்வாசி அளவு. நமக்கென்று தனியாக ஓர் ஒப்பந்தம் எழுத வழக்கறிஞருக்குக் கொடுக்கும் காசைக்கூட எடுக்க முடியாது என்று ஒரு கம்பெனி நினைத்தால், அதன் கணக்கில் பிழை சொல்ல முடியவில்லை. எரிச்சல் வருவது வேறு விடயம்.

"போன கிழமை பாதி பார்த்து வச்ச சீரியலைக் காணேல்லை. நான் ஏதும் அமத்திப்போட்டனா?"

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, மாமி. முதல் பதிலில் சொன்ன வாடகைக் காலம் முடிந்திருக்கும். 'ஃபிரண்ட்ஸ்' 2019 முடிவோடு அமெரிக்க நெட்ஃப்ளிக்ஸை விட்டுப் போனது. வேறு பல நாடுகளில் அங்கேயே இருந்தது. நெட்ஃப்ளிக்ஸில் ஒரு தலைப்பின் விவரப் பக்கத்தில் கடைசி நாள் போட்டிருந்தால் அதை முதலில் பார்த்து முடியுங்கள்.

"நெட்ஃப்ளிக்ஸ் தானே எடுத்த தொடர் எண்டா எல்லா இடமும் வரத்தானே வேணும்?"

'ஒரிஜினல்' என்று முத்திரை குத்தினால் சொந்தப் பிள்ளை என்று அர்த்தமில்லை. நெட்ஃப்ளிக்ஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' வேறொரு நிறுவனம் தயாரித்தது. 2014 இல் இந்தியாவில் அதை ஒளிபரப்பியது ஜீ கஃபே சானல். இப்போது நிறுவனங்கள் உஷாராகி, பெரிய தொடர்களுக்கு உலகம் முழுவதற்குமான உரிமையைச் சேர்த்தே வாங்கப் பார்க்கின்றன. அதனால் புதிய ஒரிஜினல்கள் பெரும்பாலும் இங்கும் அதே நேரத்தில் வரும்: அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவு 12 மணி, நமக்குப் பகல் 12.30. அங்கே குளிர்காலம் என்றால் 1.30. காலை ஆறு மணிக்கு எழும்பித் தேட வேண்டாம்.

"சென்னைக்குப் போகேக்க அங்கத்தைய சந்தாவை எடுத்துக்கொண்டு வந்தா? 149 ரூபாதானாம்."

149 இந்திய ரூபாய் என்பது நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் வைத்த மொபைல் திட்ட விலை. ஃபோனிலும் டாப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டிவியில் வராது. அதைவிட முக்கியம்: எங்கே காசு கட்டினீர்கள் என்பதைவிட எங்கே இருந்து பார்க்கிறீர்கள் என்பதுதான் பட்டியலைத் தீர்மானிக்கும். மேலே ஐபி முகவரி பற்றிச் சொன்னது இங்கேதான் கடிக்கும்.

எனக்கே இதில் சூடு பட்டிருக்கிறது. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஓர் இந்தியத் தளத்தில் ஒரு வருடச் சந்தாவை மைத்துனரின் கார்டில் கட்டினேன். கட்டுநாயக்கவில் இறங்கி ஆப்பைத் திறந்தால், 'உங்கள் பகுதியில் இந்தச் சேவை இல்லை.' பதினோரு மாதமும் மூன்று கிழமையும் அந்தச் சந்தா யாருக்கும் உதவாமல் கிடந்தது.

"ரொறன்ரோவில இருந்து அத்தை வந்து நிக்கிறா. அவவின்ர கணக்கில கனடாப் படமெல்லாம் பார்க்கலாமா?"

நெட்ஃப்ளிக்ஸ் என்றால் அத்தை இங்கே நிற்கும்வரை இலங்கைப் பட்டியல்தான். பிரைமில் பயணத்தின்போது குறைந்த தெரிவுதான் கிடைக்கும். ஸ்பொட்டிஃபையில் காசு கட்டிய கணக்கு எங்கேயும் ஓடும். இலவசக் கணக்கு வெளிநாட்டில் 14 நாள்தான். விமானம் ஏறுமுன் தரவிறக்கி வந்த படங்களும் சிலவேளை இங்கே திறக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல், பிரான்சில் காசு கட்டிய ஒருவர் ஜெர்மனிக்குத் தற்காலிகமாகப் போனால் அவருடைய பிரெஞ்சுப் பட்டியலை அங்கேயும் கொடுக்க வேண்டும். பாரிஸ் சித்தப்பா கொழும்புக்கு வந்தால் அது செல்லாது. கடவுச்சொல்லை அத்தையிடம் வாங்கி வைத்துக்கொள்ளும் யோசனை இருந்தால், 2023 முதல் நெட்ஃப்ளிக்ஸ் 'ஒரே வீட்டார்' கணக்கைக் கறாராகப் பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

"வீபிஎன் போட்டா சரிதானே? எல்லாரும் போடுறாங்கள்."

வீபிஎன் என்பது நீங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோல் இணையத்துக்குக் காட்டும் ஆப். 2019 இல் சமூக ஊடகங்கள் முடங்கிய கிழமையில் எங்கள் தொடர்மாடியில் எழுபது வயதுக்காரர்கூட வீபிஎன் போடப் பழகிவிட்டார். அதனால் இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. வீபிஎன் வைத்திருப்பது இங்கே குற்றமல்ல. அலுவலக வேலைக்குத் தினமும் பாவிக்கிறார்கள். ஆனால் அதை வைத்து வேறு நாட்டுப் பட்டியலைத் திறப்பது, நீங்கள் 'சம்மதம்' என்று அழுத்திய விதிமுறைகளுக்கு எதிரானது. நெட்ஃப்ளிக்ஸ் இதை மடக்கத் தொடங்கியது 2016 ஜனவரியிலேயே.

நடைமுறையில் என்ன ஆகும் என்றால், வீபிஎன் என்று கண்டுபிடித்ததும் உலகம் முழுவதற்கும் உரிமை உள்ள தலைப்புகளை மட்டும் காட்டும். இருந்ததும் குறைந்துபோகும். இலவச வீபிஎன்கள் உங்கள் தரவுகளை என்ன செய்கின்றன என்பது இன்னொரு தலையிடி. வங்கி ஆப் இருக்கிற ஃபோனில் ஊர் பேர் தெரியாத இலவச வீபிஎன் ஒன்றைப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

"ஒரு பெட்டி தாறாங்கள். வருஷத்துக்கு ஒருக்காக் காசு, எல்லா சானலும் எல்லாப் படமும். வாங்கவா?"

வாங்காதீர்கள். வாடகைக்கு எடுக்காத வீட்டின் சாவியைக் கள்ளமாக வெட்டி விற்கிறார்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைப் போன்றவர்களுக்கும் பொருந்தும். பெட்டி நின்றுபோனால் முறையிட ஒருவரும் இருக்க மாட்டார்கள். நான் பார்த்த மூன்று வீடுகளிலும் வருடம் முடிய முன்னமே படம் நின்றது. விற்றவரின் ஃபோனும் நின்றது.

"விலை கூட்டேல்லை எண்டு மின்னஞ்சல் வருது, ஆனா கார்டில கூடக் கழிக்கிறாங்கள்."

டொலரில் கழிக்கும் சந்தா என்றால் ரூபாய்தான் ஆடும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், மே மாதம் 360 அளவு. பத்து டொலர்ச் சந்தா அப்படியே இருக்க, நம் பக்கம் 2,000 ரூபாய் 3,600 ஆனது. இதற்கு மேல் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் இருக்கும். வெளிநாட்டு நிறுவனங்களின் டிஜிட்டல் சேவைகளையும் 18 வீத வற் வரிக்குள் கொண்டுவர 2025 இல் சட்டம் திருத்தப்பட்டது. பட்டியலில் இருப்பதைப் பார்க்காமலே மூன்று நான்கு சந்தாக்களை வைத்திருக்கிறவர்கள் ஒரு மாதம் ஒன்று என்று மாறி மாறிக் கட்டலாம். நான் அப்படித்தான்.

"நான் காசு குடுக்கத் தயார். சட்டப்படி ஒரு இடத்திலயும் இல்லை. அப்ப நான் என்ன செய்ய?"

இதற்கு முழுப் பதில் என்னிடமும் இல்லை. விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எடுக்காதே என்றும் சொல்வது வாங்குகிறவரைத்தான் கடுப்பேற்றும். ஆனால் செய்யக்கூடிய சில இருக்கின்றன. தொலைக்காட்சி உரிமை தனி அறை என்பதால், ஓடிடியில் இல்லாத படம் பியோ டிவியிலோ டயலொக் டிவியிலோ வரும் தமிழ்ச் சானலில் பண்டிகை நாளில் ஓடலாம். பழைய படம் என்றால் உரிமை வைத்திருக்கும் நிறுவனமே யூடியூபில் முழுதாக ஏற்றியிருக்கும். திருட்டுப் பிரதியா சொந்தப் பிரதியா என்று சானலின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃப்ளிக்ஸின் உதவிப் பக்கத்தில் தலைப்புகளைக் கேட்டு எழுத ஒரு படிவம் உண்டு. இரண்டு நிமிட வேலை.

"அண்ணா, நானே ஒரு படம் எடுத்திருக்கிறேன். ஒரு தளம் 'உலகளாவிய உரிமை, நிரந்தரமாக' என்று கேட்கிறது. குடுக்கவா?"

கேட்டவர் இரண்டாம் மாடித் தம்பி. ஊடகக் கற்கை படிக்கிறார், நாற்பது நிமிடப் படம். இத்தனை நாள் வாடகைக்காரனாக நின்று கேட்டவர்களுக்குள் இவர் ஒருவர்தான் வீட்டுக்காரர்.

'நிரந்தரமாக' என்ற சொல்லை வெட்டச் சொல்லுங்கள். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று ஒரு முடிவு நாள் வேண்டும். 'உலகளாவிய' என்பதை அவர்கள் உண்மையில் எத்தனை நாட்டில் காட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு நாட்டில் காட்டிவிட்டு மற்ற நாடுகளைப் பூட்டி வைத்தால், நீங்களே உங்கள் படத்தை ரொறன்ரோவில் இருப்பவர்களுக்குக் காட்ட முடியாமல் போகும். ஒரு வருடத்துக்குள் வெளியிடாத நாடுகளின் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். டப்பிங், தொலைக்காட்சி, விழாத் திரையிடல் மூன்றையும் பெயர் சொல்லி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தனியுரிமை கேட்டால் அதற்குத் தனி விலை.

பிறகு அந்தத் தம்பியிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: கல்யாணக் காட்சியில் பின்னால் ஓடுகிற அந்த சினிமாப் பாட்டுக்கு அனுமதி வாங்கினீர்களா? வாங்கவில்லையாம். இப்போது அந்தக் காட்சிக்கு நாதஸ்வரம் பதிவு செய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.